செல், செல்லி, செள்ளு: ‘வண்டு மருந்து’ என்று கேட்டால் எதைத் தருவார்கள்?

தோப்புக்குப் புதுசு · ஏப்ரல் 27
கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம், மூணு வருசத் தென்னங்கன்னு. புதுசா விரியிற ஓலையெல்லாம் கத்திரிக்கோலால நறுக்கினமாதிரி இருக்கு. எட்டிப் பாத்த அண்ணாச்சி ‘கொம்பஞ்செல்லி’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அகராதியில ‘செல்’ பாத்தா கரையான்னு போட்டிருக்கு, ‘செள்’ பாத்தா உண்ணி. கரையான் மருந்து அடிக்கணுமா, உண்ணி மருந்தா? கடையில பொதுவா ‘வண்டு மருந்து’ன்னு கேட்டா போதுமா?

சொல்தேடி · ஏப்ரல் 27
மூன்றும் வேறு வேறு உயிர்கள்.

செல் என்பது கரையான்தான். ‘செல்லரித்த ஓலை’ என்கிறோமே, அது. இன்னொரு பழைய பெயர் சிதல். தொல்காப்பிய மரபியலில் ‘சிதலும் எறும்பும் மூவறிவினவே’ என்று வரும். விளவங்கோட்டுப் பக்கம் ‘சிதல் அரிச்சிட்டு’ என்றால் யாரும் இலக்கியம் பேசுவதாக நினைப்பதில்லை. கிழக்கே தோவாளைக்குப் போனால் அதே கரையான்.

செள், செள்ளு, தெள்ளு: ஆடு, நாய் மேல் ஒட்டுகிற உண்ணி, தெள்ளுப்பூச்சி வகை. மேற்கே அரிசியில் விழும் கறுப்புப் பூச்சிக்கும் செள்ளு என்பார்கள்.

செல்லி: இதுதான் உங்கள் ஆள். மலையாளத்தோடு பகிர்ந்துகொண்ட சொல். 1956 நவம்பர் 1 வரை நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை, தென்னை வேலைக்கான பேச்சு எல்லைக்கோடு பார்த்துப் பிரியவில்லை. கொம்பஞ்செல்லி = காண்டாமிருக வண்டு. செம்பஞ்செல்லி = சிவப்புக் கூன்வண்டு. வேளாண்துறைத் தாள்களில் இந்தப் பின்சொன்ன பெயர்கள்தான் இருக்கும்.

உரக்கடை · ஏப்ரல் 27
‘வண்டு மருந்து’ன்னு மட்டும் கேட்டு வாங்காதீங்க. எந்த மரம், எங்க ஓட்டை, என்ன வெளிய வருது, இந்த மூணையும் சொல்லணும்.

உங்களுக்கு வந்தது கொம்பன், அதுதான் கொம்பஞ்செல்லி. ராத்திரி பறந்து வந்து, விரியாத குருத்தைக் குடைஞ்சு சாறு குடிச்சிட்டுப் போகும். மடிஞ்சு இருக்கிற ஓலையைத் துளைக்கிறதால, பிறகு விரியும்போது ரெண்டு பக்கமும் ஒரே அளவுல வெட்டு விழும். ஓட்டை வாயில சக்கை மாதிரி நார் துருத்திக்கிட்டு இருந்தா வண்டு இன்னும் உள்ள இருக்கு. கொக்கிக் கம்பியை விட்டுக் குத்தி இழுத்துடுங்க. குருத்தோட மொட்டைக் குத்திடாம, ஓட்டை போற சாய்வுலயே கம்பி போகணும். நேரா இறக்கினா கன்னு போச்சு.

எடுத்த பிறகு, நடுக்குருத்தை ஒட்டின மூணு ஓலை இடுக்குல, இடுக்குக்கு ஒண்ணா மூணு அந்துருண்டை (ஒண்ணு 3.5 கிராம்) வச்சு மேல மணல் போடுங்க. 45 நாளைக்கு ஒருக்க மாத்தணும். இல்லன்னா வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு, மரத்துக்கு 150 கிராம். மணல் சும்மா கனத்துக்குப் போடுறது இல்ல. வண்டோட கழுத்து மூட்டுல, கால் இடுக்குல உராய்ஞ்சு அதை உள்ள போக விடாது. கடல் மணலை உப்போட அப்படியே போடாதீங்க.

பத்துமூட்டுத் தோப்பு · ஏப்ரல் 28
வேப்பங்கொட்டைத் தூளுக்குப் பதிலா மரோட்டி மரத்துக் கொட்டைப் பிண்ணாக்கும் எடுக்கும். பொடிச்சு 250 கிராம், அதே அளவு மணல், மேல் மூணு இடுக்குல. காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் சொல்லுற முறை இது. இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்ன ஒருக்க, பிறகு செப்டம்பர், டிசம்பர்.

ஆனா மரத்துல மட்டும் பாத்தா தீராது. கொம்பனுக்கு மரம் சாப்பாட்டுக் கடை, வீடு எருக்குழி. முட்டை, புழு, கூடு எல்லாம் மக்கின சாணியிலயும் அழுகின தென்னந்தடியிலயும்தான். எருவைக் கிளறும்போது ‘இ’ எழுத்துமாதிரி வளைஞ்சு கிடக்கிற தடிச்ச வெள்ளைப் புழு வந்தா கோழிக்குப் போடுங்க. பட்டுப்போன மரத்தை வெட்டித் தோப்புலயே போட்டு வைக்கிற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கே, அதுதான் நாற்றங்கால்.

சொல்தேடி · ஏப்ரல் 28
‘இ’ போலவா? ‘உ’ போல என்றால் ஒப்புக்கொள்வேன்.

உரக்கடை · ஏப்ரல் 28
எழுத்து எதுவானா என்ன, கோழி தின்னா சரி.

எருக்குழிக்குப் பச்சை மஸ்கார்டின் பூஞ்சை இருக்கு, மெட்டாரைசியம். வளர்ப்புத் திரவம் 250 மில்லியை 750 மில்லி தண்ணில கலந்து குழியில தெளிக்கணும். ஈரமும் நிழலும் இருக்கணும். பங்குனி வெயில்ல காய்ஞ்ச எருமேல தெளிச்சிட்டுப் ‘பூஞ்சை வேலை செய்யல்ல’ன்னு வந்து சண்டை பிடிக்கக் கூடாது. புழு செத்து, மேல பச்சையாப் பூத்தா பிடிச்சிட்டுன்னு அர்த்தம்.

ஆமணக்குப் பிண்ணாக்கு ஒரு கிலோவை அஞ்சு லிட்டர் தண்ணில ஊறவச்சு, மண்சட்டியில ஊத்தித் தோப்புல அங்கங்க வைங்க. நாத்தத்துக்கு வண்டு வந்து விழும், மனுசன் போகமாட்டான். இனக்கவர்ச்சிப் பொறின்னா அஞ்சு ஏக்கருக்கு ஒண்ணு போதும். இளங்கன்னு நடுவுல தொங்கவிடாதீங்க, வர்ற வண்டு எல்லாம் பொறிக்குள்ளயே விழுந்துடும்னு சொல்லமுடியாது.

பத்துமூட்டுத் தோப்பு · ஏப்ரல் 30
செம்பஞ்செல்லியைப் பத்தி யாரும் சொல்லல்ல. அதுதான் மரத்தையே கொல்லுற பய.

கொம்பன்ல தின்னுறது வண்டு. செம்பன்ல தின்னுறது புழு. காலில்லாத மஞ்ச வெள்ளைப் புழு தடிக்குள்ள இருந்து நாரை அரைச்சுத் தின்னும். தடியில சின்ன ஓட்டை, அதுல செம்பழுப்பு நீர் வடிஞ்சு காய்ஞ்சிருக்கும், மென்னு துப்பின நார் வெளிய தெரியும். தடியில காதை வச்சுக் கேட்டா கறுக்குமுறுக்கு சத்தம் வரும். நடு ஓலை சாய்ஞ்ச பிறகு கண்டுபிடிச்சா பெரும்பாலும் மரம் மிஞ்சாது.

அது உள்ள நுழைய வழி செஞ்சு குடுக்கிறது ரெண்டு பேர். ஒண்ணு கொம்பன் போட்ட ஓட்டை. இன்னொண்ணு நம்ம வெட்டுக்கத்தி. பச்சை மட்டையை ஒட்ட வெட்டினா வடியிற சாறு வாசத்துக்குத் தாய் வண்டு வந்து முட்டை இடும். வெட்டியே ஆகணும்னா 120 செ.மீ., அதாவது நாலடி, மட்டையைத் தடியோட விட்டு வெட்டுங்க. ஏறுறதுக்குத் தடியில கொத்துப் போடுறதும் அப்படித்தான். ஈத்தாமொழிப் பக்க நெட்டை மரங்கள்ல கொத்துப் போட்டு ஏறுற பழக்கம் இருந்தா விட்டுடுங்க.

தோப்புக்குப் புதுசு · மே 1
அப்போ ‘கூன்வண்டு’ன்னா செம்பன்தானா? வாழைக்கும் ‘கூன்வண்டு’ன்னு ஒரு சீட்டு குடுத்தாங்களே.

உரக்கடை · மே 1
கூன்வண்டு ஒரு குடும்பப் பேரு. மூஞ்சி நீண்டு கீழ வளைஞ்சிருந்தா எல்லாம் கூன்வண்டு. தென்னைக்குச் செம்பன், அரிசிக்குச் செள்ளு, வாழைக்கு ரெண்டு பேர்.

வாழையில கிழங்கு வேற, தண்டு வேற. கிழங்கு கூன்வண்டு மண்ணுக்கடியில கிழங்கைத் துளைக்கும், வாழை சின்னக் காத்துக்கே வேரோட சாயும். தண்டு கூன்வண்டு நடுத்தண்டைத் துளைக்கும், ஓட்டையில பிசின்மாதிரி வடியும், குலை தள்ளின சமயத்துல தண்டு ஒடியும். ஏத்தன், அதுதான் நேந்திரன், போட்டவங்களுக்குத் தண்டுக்காரன்தான் தலைவலி. வெட்டின வாழைத்தண்டை ஒரு முழ நீளத்துக்கு நறுக்கி, நெடுகப் பிளந்து, வெட்டுமுகம் கீழ பாக்கத் தோட்டத்துல போடுங்க. காலையில புரட்டினா வண்டு ஒட்டிக்கிட்டு இருக்கும். பொறுக்கிக் கொல்லணும். பொறுக்காம விட்டா நீங்களே விருந்து வச்சமாதிரி. தண்டு காயக் காய மாத்திப் போடணும். குலை வெட்டினதும் தாய்த்தண்டை நிக்கவிடாம வெட்டித் துண்டாக்குறது எல்லாத்தையும்விட மேல்.

சொல்தேடி · மே 2
இப்போது ‘வண்டு’ என்ற தலைச்சொல்லுக்கு வருவோம். அதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம்.

சங்கப் பாட்டில் வண்டு, சுரும்பு, தும்பி, ஞிமிறு, மிஞிறு எல்லாமே பூவில் தேன் குடிக்கிறவை. ‘கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி’ என்ற குறுந்தொகை 2ஆம் பாட்டின் தும்பி தேனீக் கூட்டத்தைச் சேர்ந்தது. நிகண்டுகள் அறுகால், அறுபதம் என்று சேர்த்துக்கொண்டே போகும். அகராதிகளும் அதே வரிசையைப் பிடித்து, தேனீயையும் ஓடு மூடிய வண்டையும் ஒரே தலைச்சொல்லின் கீழ் வைத்தன. ‘கடினச் சிறகுடையது’ என்ற வரையறை விலங்கியல் பாடப்புத்தகத்தோடு வந்தது.

தும்பியோ நம் மாவட்டத்தில் இன்னொரு பூச்சிக்கே போய்விட்டது. மற்ற ஊர்களில் தட்டான் என்பதை இங்கே தும்பி என்கிறோம். மலையாளத்திலும் ஈழத்திலும் அப்படியே. சங்கப்பாட்டுத் தும்பியைத் தட்டான் என்று படித்தால் பாட்டு கெடும், தட்டான் தேன் குடிக்காது.

மரக்கடை · மே 2
சங்கத்துத் தும்பி பெரும்பாலும் நம்ம கருவண்டா இருக்கும்னு படுது. உத்தரத்துல சுண்டுவிரல் நுழையிற அளவுக்கு வட்டமா ஓட்டை போட்டு, கீழ ரம்பத்தூள் கொட்டுற அந்தக் கறுப்புத் தடியன். ஓடு மூடின வண்டு இல்ல அது, தச்சன் தேனீ. பயறு, சணப்புப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கிறதே அதுதான். ஆண் கொட்டாது, கொட்ட முள்ளு கிடையாது. ஓட்டையை மரத்தக்கையால அடைச்சு வார்னிஷ் அடிச்சா திரும்ப வராது. பெயிண்ட் ஏறின மரத்தை அது தொடுறது குறைவு.

சொல்தேடி · மே 3
எல்லாத் தும்பியும் அதுதான் என்று சொல்லமாட்டேன், உரைகாரர்களே ஒருமுகமாக இல்லை. கருமையும் பெரிய ரீங்காரமும் சொல்கிற இடங்களில் பொருந்தும்.

வண்டு அல்லாத ‘வண்டு’களை ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன்.

செய்தித்தாள் ‘விஷவண்டு’: தீயணைப்புத் துறையினர் பனையில், தென்னையில் கூட்டை எரித்தார்கள் என்று வருமே, அது கதண்டு என்கிற பெருங்குளவி. இங்கே கடந்தை, கடந்தல். ஓடு மூடிய வண்டு எதற்கும் கொடுக்கு கிடையாது. ‘வண்டு கொட்டி ஒருவர் பலி’ என்று படித்தால் குளவி என்றே புரிந்துகொள்ளவும்.

சில்வண்டு: மரத்தில் உட்கார்ந்து கத்துவது. இங்கே சீவீடு. நற்றிணையில் ‘சிள்வீடு கறங்கும்’ என்று வருவதுதான் நம் வாயில் சீவீடாக நிற்கிறது. பேச்சில் ‘சில்வண்டு’ என்றால் கூட்டத்தில் சத்தம் மட்டும் போடுகிற ஆள், ஒன்றுக்கும் ஆகாத பயல். ‘வாண்டு’ வேறு சொல், குறும்புப் பிள்ளை. இரண்டையும் போட்டுக் குழப்பவேண்டாம்.

தம்பலப்பூச்சி, பட்டுப்பூச்சி: மழைக்குப் பின் மண்ணில் ஊரும் சிவப்பு வெல்வெட். சங்கத்தில் மூதாய். எட்டுக் கால், ஆகவே பூச்சியே அல்ல, உண்ணியின் உறவு.

மின்மினி மட்டும் தலைகீழ்: பெயரில் வண்டு இல்லை, ஆனால் அசல் வண்டு. மேற்கே மின்னாமினுங்கு.

கர்ணன் தொடையைத் துளைத்த வண்டையும் கேட்பீர்கள். வடமொழிப் பாரதத்தில் அது அலர்க்கன் என்ற எட்டுக்கால் புழு. தமிழ்க் கதைசொல்லிகள் வண்டாக்கினார்கள். மரம் துளைக்கிற வண்டைப் பார்த்த ஊர், வேறென்ன செய்யும்.

தேன்கூடு · மே 3
கடந்தல் கொட்டினா முள்ளைத் தேடாதீங்க. தேனீதான் முள்ளை விட்டுட்டுப் போகும். கடந்தல் விடாது, அதே முள்ளால திரும்பத் திரும்பக் கொட்டும். மூச்சுத் திணறல், உதடு வீக்கம், மேலெல்லாம் தடிப்பு வந்தா சுண்ணாம்பு தடவிக்கிட்டு இருக்காம ஆசுபத்திரிக்கு ஓடணும்.

ரப்பர்ப்பால் · மே 9
கோடை மழை தொடங்கிட்டு, எங்க பக்கம் ஓட்டு வீடெல்லாம் கறுத்துக் கிடக்கு. ரப்பர்வண்டு. இதுக்கு அகராதியில என்ன பேரு வச்சிருக்கீங்க, சொல்தேடி அண்ணாச்சி?

சொல்தேடி · மே 9
பழைய அகராதியில் இருக்க வழியில்லை, ரப்பரே பின்னால் வந்தது. மலையாளத்தில் கோட்டெருமை, ஓட்டெருமை. பத்திரிகையில் முப்ளி வண்டு, திருச்சூர் மாவட்டத்து முப்ளியம் என்ற இடத்தை வைத்து வந்த பெயர். அறிவியல் பெயர் லுப்ராப்ஸ் டிரிஸ்டிஸ்.

ரப்பர்ப்பால் · மே 10
இலையுதிர்வுக்குப் பிறகு தரையில கிடக்கிற சருகு, முக்கியமா அகாலத்துல உதிர்ற தளிரிலை, அதுதான் புழுவுக்கும் வண்டுக்கும் தீனி. மாசிமுதல் சித்திரைவரைக்கும் தோட்டத்துக்குள்ளயே பெருகும். முதல் கோடை மழை விழுந்ததும் கூட்டமா வெளிச்சம் பாத்து வந்து, ஓட்டு இடுக்குல, மச்சுல ஒண்டும். ஒண்டினா மாசக்கணக்கா தின்னாம அங்கயே அசையாமக் கிடக்கும். அதனால சாப்பாட்டை மறைச்சு வச்சுப் பிரயோசனம் இல்ல.

கடிக்காது. நசுக்கினா காரமான ஒரு நீர் விடும், தோல் வெந்து கறுக்கும், கண்ணுல பட்டா பாடு. செய்ய வேண்டியது: அந்திக்கு வீட்டு விளக்கை எல்லாம் அணைச்சு, முற்றத்துல ஒரே ஒரு விளக்கு, அடியில அகலப் பாத்திரத்துல சோப்புத் தண்ணி. ஒட்டினதைத் துடைப்பத்தால முறத்துல கூட்டி அதே தண்ணில போடணும். தலைக்குமேல இருக்கிற ஓட்டுல மருந்து அடிச்சா ராத்திரி முழுக்க உதிர்ந்து படுக்கையில விழும், அது இன்னும் மோசம். பிள்ளை தூங்குற இடத்துக்குமேல ஒரு துணியைக் கட்டிடுங்க.

உரக்கடை · மே 10
காலையில எழுந்ததும் கழுத்துல, முழங்கை மடிப்புல கோடு போட்டமாதிரி எரிச்சல் கொப்புளம் இருந்தா அது இவனா இருக்கணும்னு இல்ல. எறும்புமாதிரி மெலிசா, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, முதுகுல குட்டையா நீல ஓடு இருக்கிற இன்னொரு வண்டு விளக்குக்கு வரும். பெடரஸ்னு பேரு. மேல உக்காந்தா அடிக்காதீங்க, ஊதிவிடுங்க. அடிச்சிட்டா உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்க. எரிச்சல் உடனே தெரியாது, ஒரு நாள் கழிச்சுத்தான் பொங்கும். மடிப்புல பட்டா எதிர்த்தோல்லயும் அதே அச்சு விழும். இதையும் ஊர்ல ‘வண்டுகடி’ன்னுதான் சொல்றாங்க.

சொல்தேடி · மே 11
அந்தச் சொல்லில் கவனம். நாட்டு வைத்தியத்தில் ‘வண்டுகடி’ என்றால் வட்டமாகப் படரும் தோல்நோய், படர்தாமரை வகை. வண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது பூஞ்சை. சீமை அகத்திக்கு ‘வண்டுகொல்லி’ என்று பெயர் வந்தது இந்த வண்டுகடிக்கு அதன் இலை போடுவதால்தான். வண்டுகொல்லி இலையை அரைத்துத் தோப்பில் தெளித்தால் செல்லி சாகும் என்று ஒரு வாட்ஸப் செய்தி சுற்றுகிறது. பெயரை மட்டும் படித்துவிட்டு எழுதியது. பெடரஸ் கொப்புளத்தில் அந்த இலைச்சாற்றை வைக்கவும் கூடாது, வெந்த தோலில் இன்னொரு எரிச்சல்.

மரக்கடை · மே 15
மரத்துக்கு வர்ற பேரு உளு. உளுத்துப்போச்சு, உளுப்பு விழுது. இதுல சிதலும் வண்டும் ஒண்ணாக் கலந்துடுது. கீழ விழுற தூளைத் தொட்டுப் பாருங்க. முகப்பவுடர்போல விரல்ல ஒட்டினா வண்டு. கையில உருளுற மணியா, லென்ஸ்ல பாத்தா ஆறு பட்டையா இருந்தா காய்ஞ்ச மரத்துச் சிதல். மண்ணுப் பாதை சுவத்துல ஏறியிருந்தா தரைச் சிதல். மூணுக்கும் வைத்தியம் வேற.

நம்ம மாவட்டத்துல ரப்பர் மரம்தான் அதிகம் உளுக்கும், உள்ள மாவுச்சத்து கிடக்கு. வெட்டினபிறகு நாள் தள்ளாம அறுத்துடணும், தள்ளினா நீலப் பூஞ்சை ஏறும். அறுத்ததும் போரிக் அமிலம் ஒரு பங்கு, வெண்காரம் 1.54 பங்கு கலந்த கரைசல்ல, வெற்றிட அழுத்த உருளையில ஏத்தணும். மேலாகத் தடவினா நடுவுல ஏறாது, பிறகு இழைக்கும்போது மருந்து ஏறின தோலே போயிடும். கட்டில் வாங்குறவங்க ‘மருந்து ஏத்தினது’ன்னு சொன்னா நம்பாம, வெட்டுமுகத்துலயும் அடிப்பலகையிலயும் குண்டூசி ஓட்டை இருக்கான்னு பாருங்க.

தோப்புக்குப் புதுசு · மே 16
கன்னுல ரெண்டு கொம்பனை எடுத்தாச்சு. எருக்குழியிலயும் புழு இருந்துது. இனி வேற சந்தேகம்: கத்திரி இலையில புள்ளி வச்ச வண்டு. ‘பொறிவண்டு நன்மை செய்யும், கொல்லாதே’ன்னு படிச்சிருக்கேன். ஆனா இலை சல்லடையா இருக்கே?

உரக்கடை · மே 16
முதுகு பளபளன்னு இருந்தா பொறிவண்டு, அசுவினியைத் தின்னுறவன், விட்டுடுங்க. மங்கலா, சன்ன ரோமம் படர்ந்து, 28 புள்ளி வரை இருந்தா எபிலாக்னா, இலையைச் சுரண்டித் தின்னுறவன். அவன் புழு மஞ்சளா, மேலெல்லாம் முள்ளா இருக்கும். இலைக்கடியில மஞ்ச முட்டைக் கூட்டம் செங்குத்தா நிக்கும், இலையோட கிள்ளிடுங்க. பொறிவண்டு முட்டையும் கிட்டத்தட்ட அப்படித்தான், அதனால பக்கத்துல அசுவினி இருக்கான்னு பாத்துட்டுக் கிள்ளுங்க.

ரப்பர்ப்பால் · மே 16
பொன்வண்டை விட்டுட்டீங்களே. தீப்பெட்டியில போட்டு உடைமரத்து இலை குடுத்தா முட்டை இடுமே.

பத்துமூட்டுத் தோப்பு · மே 17
அதுக்கு ஆரல்வாய்மொழிப் பக்கம் போகணும், உடைமரக் காட்டுக்கு. ரப்பர் தோட்டத்துல தேடாதீங்க. நம்ம பக்கத்துப் பிள்ளைங்க கொப்பரைக் களத்துல மின்னுற நீலப்பச்சைச் சின்ன வண்டைப் ‘பொன்வண்டுக் குஞ்சு’ன்னு பிடிக்குது. வண்டுக்குக் குஞ்சு கிடையாது, புழுவுல இருந்து வரும்போதே முழு அளவுலதான் வரும். இது கொப்பரை வண்டு, காலு சிவப்பா இருக்கும். இதைக் கண்டா கொப்பரை சரியாக் காயல்லன்னு அர்த்தம். ஈரப்பதம் 6 சதவீதத்துக்குக் கீழ வரணும். ஒடிச்சா சடக்குன்னு ஒடியணும், வளைஞ்சா இன்னும் காயணும். பூசணம் பிடிச்சதைப் பொறுக்கிப் போட்டுட்டு, பழைய சாக்கைத் திரும்ப எடுக்காம புதுச் சாக்குல கட்டி, தரையில வைக்காமப் பலகைமேல அடுக்குங்க. பழைய சாக்குத் தையல்ல புழு ஒளிஞ்சிருக்கும்.

தோப்புக்குப் புதுசு · மே 17
பழைய சாக்கை வெயில்ல போட்டு எடுத்தா ஆகாதா?

பத்துமூட்டுத் தோப்பு · மே 17
ஆகும். உள்பக்கத்தை வெளிய திருப்பிப் போடணும்.